வேரோடு பிய்ந்த கை நரம்பு, ஓயாத எரிச்சல்: மூளையில் காந்தத் தூண்டல் பெற்ற ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் விசைத்தறித் தொழிலாளி. கொங்குப் பகுதியில் ஒரு தறி ஊர். அம்மா, மனைவி, பள்ளிக்குப் போகும் மகள் என்று சின்னக் குடும்பம். எங்கள் வலி சிகிச்சைப் பிரிவுக்கு அவர் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அடையாளம் தெரியாதபடி ஊர், வயது, குடும்ப விவரங்களில் சில மாற்றப்பட்டிருக்கின்றன.

இரவு ஷிஃப்ட் முடித்து பைக்கில் வீடு திரும்பும்போது பைபாஸில் விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. வலது தோள் தரையில் மோதி, தலை இடப்பக்கம் மடங்கியது. இப்படி விழும்போது தோளும் தலையும் எதிரெதிராக இழுபட, நடுவில் இருக்கும் நரம்புக் கற்றைதான் அந்த இழுப்பு முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்கள் புறப்பட்டு, பின்னிப் பிரிந்து, கை முழுவதற்கும் போகின்றன. இவருக்கு மேலே உள்ள இரண்டு வேர்கள் நைந்திருந்தன. கீழே உள்ள மூன்றும் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்துவிட்டன. நம்மூர் விபத்துப் பிரிவுகளில் இளைஞர்களிடம் அடிக்கடி பார்க்கும் காயம் இது. பெரும்பாலும் காரணம் இருசக்கர வாகனம்தான்.

காறை எலும்பு முறிவுக்குப் பிளேட் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் வேறொரு மருத்துவமனையில் நரம்பு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்தார்கள். அது பிடித்துக்கொண்டது. ஆரம்பத்தில் மூச்சை ஆழமாக இழுத்தால்தான் முழங்கை மடங்கும். இருமினால் கை தானாகத் துள்ளும். பழகப் பழக, மூச்சின் துணை இல்லாமலே மடக்கக் கற்றுக்கொண்டார். மணிக்கட்டும் விரல்களும் மட்டும் திரும்பவில்லை. திரும்பாது என்பதையும் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

விபத்து நடந்த சில வாரங்களிலேயே வலி தொடங்கிவிட்டது. எங்களிடம் வரும்போது வலியின் வயது மூன்று ஆண்டு.

முதல் சந்திப்பில் கண்டது

"கை தொங்குறதுகூடப் பரவால்லீங்க டாக்டர். இந்த எரிச்சலத்தான் தாங்க முடியலீங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் விஷயம். தொட்டால் உணர்வே இல்லாத அந்தக் கையின் விரல்களைக் கொதிக்கும் தண்ணீரில் யாரோ அமுக்கிப் பிடித்திருப்பது போல இருபத்து நாலு மணி நேரமும் எரிகிறது. அதற்கு மேல், முன்னறிவிப்பே இல்லாமல் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை 'ஷாக்' பாய்கிறது. ஒவ்வொன்றும் சில நொடிதான். ஆனால் பேச்சு பாதியில் நிற்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். எங்களோடு பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு சந்திப்பிலேயே பலமுறை அப்படி நடந்தது.

தொட்டால் தெரியாத கை எப்படி வலிக்கும் என்று அவருடைய அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வேர் பிய்ந்த இடத்தில், தண்டுவடத்தின் பின்பக்கக் கொம்பு எனும் பகுதியில் இருக்கும் நரம்பு செல்களுக்குக் கையிலிருந்து வரவேண்டிய செய்தி நின்றுபோகிறது. செய்தி நின்றதும் அவை சும்மா இருப்பதில்லை. கட்டுப்பாடில்லாமல் தாமாகவே மின் துடிப்புகளை வெளியிடுகின்றன. மூளை அதைக் கையின் வலி என்றே படிக்கிறது. அதனால்தான் கையில் ஊசி போட்டோ தைலம் தேய்த்தோ பலனில்லை.

நரம்பு வலியா என்று சோதிக்கும் பத்துக் கேள்விப் பட்டியலில் நான்கு வந்தாலே நரம்பு வலி என்று கொள்வோம். இவருக்கு ஏழு வந்தது. தூக்கம் இரவுக்கு மூன்று மணி நேரம், அதுவும் விட்டு விட்டு. நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் நாளுக்கு 300 மி.கி., நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் டுலாக்ஸெட்டின் 60 மி.கி., கூடவே டிரமடால் என்ற லேசான ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை. முன்பு எடுத்த அமிட்ரிப்டிலினை வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தாங்காமல் நிறுத்தியிருந்தார். ப்ரீகாபலினை இதற்கு மேல் ஏற்றியபோது தலை கிறுகிறுத்து ஒருமுறை படியில் தடுமாறியிருக்கிறார். தனியாகக் கேட்டபோது, சாயங்காலம் ஒரு குவார்ட்டர் குடித்தால்தான் கண் அசருகிறது என்றார். மனைவிக்கும் அது தெரியும்.

தறி ஓட்ட இரண்டு கை வேண்டும். முதலாளி அவரை விட்டுவிடாமல், பட்டறையில் பாவு, நூல் கணக்குப் பார்க்கும் வேலையில் வைத்துக்கொண்டிருந்தார். கூலி பாதி.

இரண்டு வலி, இரண்டு பத்தி

'வலி பத்துக்கு எவ்வளவு?' என்று ஒரே எண் கேட்பதுதான் வழக்கம். இவரிடம் கேட்டபோது ஒருநாள் 6 என்றார், மறுநாள் 10 என்றார். எதை நினைத்துச் சொல்கிறார் என்று விசாரித்தால், 6 என்பது எரிச்சல். 10 என்பது அன்று வந்த ஒரு மோசமான ஷாக். ஆகவே இரண்டையும் பிரித்து எழுதச் சொன்னோம். ஒரு பத்தியில் நாள் முழுவதற்குமான எரிச்சலின் சராசரி, இன்னொன்றில் ஷாக் எத்தனை என்ற எண்ணிக்கை, ஓரத்தில் தூங்கிய மணி நேரம்.

பட்டறையில் கூலிக் கணக்கு எழுதும் நீள நோட்டையே அவர் இதற்கும் எடுத்துக்கொண்டார். இடது கையால் எழுதப் பழகியிருந்த கோணல் எழுத்து. ஷாக் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஐந்தாவது குறுக்கே. ராத்திரிக் கோடுகளை மனைவி போட்டார். எங்கள் பிரிவில் இருக்கும் அச்சடித்த படிவங்களை விட இந்த நோட்டு பின்னால் அதிகம் உதவியது.

முதல் இரண்டு வாரம் எந்த மருந்தையும் மாற்றாமல் எழுதச் சொன்னோம். எரிச்சல் 7-க்கும் 8-க்கும் நடுவே நின்றது. ஷாக் நாளுக்கு 35 முதல் 45.

ஏன் காந்தத் தூண்டல்

நரம்பு வலிக்கு முதல் வரிசையில் சொல்லப்படும் மருந்துகளில் மூன்றையும் இவர் பார்த்துவிட்டார். மிச்சம் இருந்தவை: வலுவான ஓபியாய்டு, தண்டுவடத்தில் வேர் நுழையும் இடத்தைச் சுட்டு அழிக்கும் அறுவை சிகிச்சை, மூளையைத் தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் தூண்டுவது.

வலுவான ஓபியாய்டைத் தொடங்க எங்களுக்கு மனமில்லை. வயது முப்பது சொச்சம், ஏற்கெனவே குடி, வலியோ ஆயுளுக்கும் இருக்கப்போவது. அறுவை சிகிச்சை இந்த வகை வலிக்கு நல்ல பெயர் எடுத்த ஒன்று. ஆனால் தண்டுவடத்தைத் திறக்க வேண்டும், அதே பக்கக் காலில் பலவீனமோ தடுமாற்றமோ வரும் அபாயம் உண்டு. ஒரு கையை இழந்தவரிடம் காலைப் பணயம் வைக்கச் சொல்வதற்கு முன், திரும்பப் பெறக்கூடிய ஒன்றை முயல்வது சரி என்று பட்டது.

தலைக்கு மேல் வைக்கும் கம்பிச் சுருளில் நொடிக்கும் குறைவான நேரம் பெரும் மின்சாரம் பாய்ச்சினால் காந்தப் புலம் எழுகிறது. மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, தலைத்தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், மூளையின் மேலடுக்கான புறணியில் அது மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரின் குழு இதைச் செய்துகாட்டியது. அன்று அது நரம்புப் பாதையைச் சோதிக்கும் கருவி மட்டுமே. வலிக்கு வந்தது வேறு வழியில். 1991-ல் ஜப்பானில் சுபோகாவா என்ற நரம்பியல் அறுவை நிபுணர், உடலை அசைக்கக் கட்டளையிடும் மூளையின் இயக்கப் பகுதிக்கு மேல் மின்முனை பதித்து, பக்கவாதத்துக்குப் பின் வரும் வலியைக் குறைத்ததாக எழுதினார். உணர்வுப் பகுதியைத் தூண்டாமல் இயக்கப் பகுதியைத் தூண்டினால் வலி குறைகிறது என்பது அன்று பலருக்கும் புதிராக இருந்தது. மண்டையைத் திறக்காமல் காந்தத்தால் அதே இடத்தைத் தூண்டலாமே என்று பிரான்சில் லெஃபோஷர் போன்றவர்கள் 2000-ஐ ஒட்டி முயன்று பார்த்தார்கள்.

அங்கிருந்து சேர்ந்த ஆதாரம் இரண்டு மனதாகவே இருக்கிறது. ஐரோப்பிய நிபுணர் குழு 2014-லும், திருத்தி 2020-லும் வெளியிட்ட வழிகாட்டுதல், வலியுள்ள பக்கத்துக்கு எதிர்ப்பக்க இயக்கப் புறணியில் அதிவேகத் தூண்டல் நரம்பு வலிக்கு 'திண்ணமாகப் பலனளிக்கும்' என்று மிக உயர்ந்த தரம் கொடுத்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2018 மதிப்பாய்வோ, எல்லா வகை நாள்பட்ட வலியையும் சேர்த்துப் பார்த்து, பலன் சிறிது, குறுகிய காலத்துக்கே, ஆய்வுகளின் தரமும் குறைவு என்றது. இரண்டும் பொய்யில்லை. ஒன்று நரம்பு வலியை மட்டும் பார்க்கிறது, மற்றது முதுகுவலி முதல் ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுக்கப் பரவும் நாள்பட்ட வலி) வரை ஒரே கூடையில் போடுகிறது. எங்களை நகர்த்தியது 2021-ல் வந்த பிரெஞ்சு ஆய்வு. 149 நரம்பு வலி நோயாளிகள், 22 வாரத்தில் 15 அமர்வு. இயக்கப் பகுதியில் தூண்டியவர்களுக்கு, தூண்டுவது போலக் காட்டும் போலித் தூண்டலை விடக் கூடுதல் நிவாரணம் 25-ஆம் வாரத்திலும் நீடித்தது. மூளையின் நெற்றிப்பகுதியில் தூண்டியவர்களுக்குப் போலியை விட எதுவும் கூடவில்லை. சர்வதேச நரம்பு வலி வழிகாட்டுதலும் 2025-ல் இதை மூன்றாம் வரிசைச் சிகிச்சையாகச் சேர்த்தது.

நெற்றிப்பகுதி பற்றிய அந்த முடிவு எங்களுக்கு நேரடியாகவே தேவைப்பட்டது. கருவி இருந்தது மனநலப் பிரிவில். அங்கே அதை மனச்சோர்வுக்கு நெற்றிப்பகுதியில்தான் பயன்படுத்துகிறார்கள். "இவருக்குச் சோர்வும் இருக்கிறதே, வழக்கமான இடத்திலேயே வைத்துவிடலாமா?" என்று மனநல மருத்துவர் கேட்டார். வலியே இலக்கு என்பதால் இயக்கப் பகுதி என்று சேர்ந்து முடிவெடுத்தோம். சோர்வுக்கு டுலாக்ஸெட்டின் தொடர்ந்தது.

தொடங்குவதற்கு முன்

மனநலப் பிரிவு என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததும் குடும்பம் நின்றுவிட்டது. "என் பையனுக்குப் புத்தி நல்லாத்தானுங்க இருக்குது. கரண்டு எதுக்குங்க வெக்கோணும்?" என்றார் அம்மா. கரண்ட் வைப்பது என்றால் நம் மக்கள் மனதில் இருப்பது மயக்கம் கொடுத்து வலிப்பு வரவைக்கும் அதிர்ச்சி சிகிச்சை. இது அதுவல்ல, மயக்கம் கிடையாது, விழித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று சொன்னோம். சொல் எடுபடவில்லை. கடைசியில் கருவியில் இருந்த தொழில்நுட்பர் தன் கையிலேயே சுருளை வைத்து ஒரு துடிப்புக் கொடுத்துக் காட்டினார். டக்கென்று சத்தம், விரல் துள்ளியது, அவ்வளவுதான். அம்மாவும் கையை நீட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஒப்புதல் படிவம் மேசைக்கு வந்தது.

உண்மையான ஆபத்து என்று ஒன்று உண்டென்றால் வலிப்பு. மிக அரிது. ஆனால் இவர் விஷயத்தில் அதை அரிதல்லாமல் ஆக்கக்கூடியவை மூன்று ஒரே இடத்தில் கூடியிருந்தன: டிரமடால், குடி, தூக்கமின்மை. டிரமடால் வலிப்புக்கான வாசலைத் தாழ்த்தும். டுலாக்ஸெட்டினோடு சேர்வதும் நல்லதல்ல. தினம் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் அதே ஆபத்து. அவசரப்படவில்லை. டிரமடாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். குடியை நிறுத்த மனநலப் பிரிவே மேற்பார்வை செய்தது. முதலில் அவர்களிடம் போகத் தயங்கியவர், இதற்காக அவர்களிடமே உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. நின்று மூன்று வாரம் ஆன பிறகே தேதி குறித்தோம். டிரமடால் நின்றதில் எரிச்சல் அரைப் புள்ளிகூட ஏறவில்லை என்பதை நோட்டுக் காட்டியது.

டிரமடாலை நிறுத்தியதற்கு இன்னொரு யோசனையும் துணைக்கு இருந்தது. இயக்கப் பகுதித் தூண்டலின் வலி நிவாரணம் உடலின் சொந்த ஓபியாய்டுகள் வழியாக நடக்கிறது என்று தெரிகிறது. ஓபியாய்டைத் தடுக்கும் நலாக்ஸோனைக் கொடுத்தால் அந்த நிவாரணம் குறைந்துவிடுகிறது என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பாதையை வெளியிலிருந்து மாத்திரையால் குழப்பாமல் விடுவது நல்லது என்று நினைத்தோம். இது ஊகம்தான்.

காறை எலும்பில் இருந்த பிளேட் டைட்டேனியம், தலையிலிருந்து தள்ளி இருந்தது, தடையில்லை. தலைக்குள் உலோகம், பேஸ்மேக்கர், காது உள்வைப்பு எதுவும் இல்லை. ப்ரீகாபலின், டுலாக்ஸெட்டின் அளவுகளை முதல் சுற்று முடியும் வரை தொடக்கூடாது என்று எழுதி வைத்தோம். மருந்தையும் தூண்டலையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலை செய்யாத கைக்கு அளவு எடுப்பது

தூண்டலின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். இயக்கப் பகுதியில் கைக்குரிய இடத்தின் மேல் சுருளை வைத்து ஒற்றைத் துடிப்புகள் கொடுத்து, எதிர்ப்பக்கக் கட்டைவிரல் தசை பத்துக்கு ஐந்து முறையாவது துடிக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் 80 சதவீதம்தான் சிகிச்சை அளவு. சுருளை எங்கே வைப்பது என்பதும் அந்தத் துடிப்பை வைத்தே தெரிகிறது.

இவருடைய வலது கை துடிக்காது. மூளையில் இடப்பக்க இயக்கப் பகுதி நன்றாகவே இருக்கிறது; அங்கிருந்து இறங்கும் கட்டளை தசைக்குப் போய்ச் சேர வழியில்லை. முழங்கை மடக்கும் தசை துடிக்கலாம், ஆனால் அதன் நரம்பு இப்போது விலாவிலிருந்து வருகிறது. மூளையில் அதற்கான இடம் எங்கே என்பதே குழப்பம்.

ஆகவே ஆரோக்கியமான இடது கையை வைத்து வலப்பக்க மூளையில் அளவெடுத்தோம். கருவியின் உச்சத்தில் 48 சதவீதம் வந்தது. அந்தப் புள்ளியை நடுக்கோட்டிலிருந்து அளந்து, தொப்பியில் குறித்து, இடப்பக்கத்தில் அதே தூரத்தில் கண்ணாடிப் பிம்பமாகக் குறித்துக்கொண்டோம். சிகிச்சை அளவு 38 சதவீதம். இரண்டு பக்கமும் சமம் என்ற அனுமானத்தில்தான் இது நிற்கிறது. கையை இழந்தவர்களின் மூளையில் அந்தக் கையின் இடத்தைப் பக்கத்து உறுப்புகள் எடுத்துக்கொள்வது உண்டு என்பதால், அனுமானம் கொஞ்சம் பிசகலாம். நோயாளியின் சொந்த எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துச் சுருளை வழிநடத்தும் கருவி எங்களிடம் இல்லை.

முதல் சுற்று

ஓர் அமர்வுக்கான துடிப்பு முறையில் பிரெஞ்சு ஆய்வையே பின்பற்றினோம்: நொடிக்கு 10 துடிப்பு, பத்து நொடி தூண்டல், இருபது நொடி இடைவெளி, இப்படி 30 முறை. மொத்தம் 3,000 துடிப்பு, பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வாரம். தினமும் வந்துபோக முடியாது என்பதால் நகரத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினார். சத்தம் மரங்கொத்தி கொத்துவது போல இருக்கும். இரண்டு காதுக்கும் அடைப்பான் கட்டாயம்.

முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாம் நாள் தலைவலி, பாரசிட்டமால் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் தூங்காமல் வந்தார். அன்று தூண்டல் கொடுக்காமல் திருப்பி அனுப்பி, இறுதியில் ஒரு நாள் கூட்டிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை, "வீணுங்களா டாக்டர்?" என்று கேட்டார். இந்தச் சிகிச்சையின் பலன் தாமதமாக வருவது தெரிந்ததுதான். இரண்டாம் வாரம் முடிந்து பார்ப்போம் என்று சொன்னோம்.

இரண்டாம் வாரத்தின் நடுவில் நோட்டில் எரிச்சல் 6 என்று விழுந்தது. வார இறுதியில் 5. சுற்று முடிந்த மறு வாரமும் இறங்கி 4.5-ல் நின்றது. தூக்கம் ஐந்தரை மணி நேரம். ஷாக் பத்தியில்? 38, 41, 33, 40. ஏறத்தாழ அப்படியே.

ஒரே எண்ணாகக் கேட்டிருந்தால் இந்த இடத்தில் குழம்பியிருப்போம். மோசமான ஷாக் வந்த நாளில் '9' என்று சொல்லியிருப்பார். சிகிச்சை தோல்வி என்று எழுதி நிறுத்தியிருப்போம். எரிச்சல் நாற்பது சதவீதம் குறைந்தது; முப்பது சதவீதம் குறைந்தாலே நோயாளிக்குப் பொருளுள்ள மாற்றம் என்பது வலி மருத்துவத்தில் பொது ஏற்பு.

இது நம்பிக்கையால் வந்த பலனாக இருக்கலாமா? இருக்கலாம். பெரிய கருவி, தினமும் கவனிப்பு, பதினைந்து நிமிடச் சத்தம். போலி நிவாரணத்துக்கு இதை விடத் தோதான ஏற்பாடு கிடையாது. சில நாள் போலித் தூண்டல் கொடுத்து ஒப்பிடலாமா என்று பேசினோம். அதற்கான போலிச் சுருள் எங்களிடம் இல்லை. சுருளைச் சாய்த்து வைத்தால் தலைத்தோலில் உணர்வு மாறி, நோயாளி கண்டுபிடித்துவிடுவார். கைவிட்டோம். நம்பிக்கை மட்டும் காரணமல்ல என்று சொல்ல எங்களிடம் இருப்பது, இரண்டு வலியில் ஒன்று மட்டும் குறைந்தது, முதல் வாரம் எதுவும் குறையாதது, பின்னால் நிறுத்தியபோது ஏறியது. மூன்றும் சான்று, நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

ஊரும் தூரமும்

நான்காம் வாரம் வரை 4.5-லேயே இருந்த எரிச்சல், பிறகு மெல்ல ஏறி ஆறாம் வாரத்தில் 6.5 ஆனது. பராமரிப்புத் தூண்டல் வேண்டும். வாரம் ஒருமுறை என்று தொடங்கி, இரண்டு வாரம், மூன்று வாரம் என இடைவெளியை நீட்டுவது திட்டம்.

பஸ்ஸில் ஒரு வழிக்கு நான்கு மணி நேரம். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வரும் மனைவியின் கூலியும் போகும். கருவியில் இருக்கப்போவதோ பதினைந்து நிமிடம். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தார், எரிச்சல் மீண்டும் 4.5-க்கு இறங்கியது. அப்புறம் பண்டிகை, மழை, பட்டறையில் ஆர்டர் நெருக்கடி என்று இரண்டு முறை தவறியது.

அந்த இடைவெளியில்தான் மைத்துனர் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டியிருக்கிறார்: தலையில் மாட்டிக்கொண்டால் வீட்டிலேயே மூளையைத் தூண்டும் பட்டை. வாங்கலாமா என்று கேட்டு நோயாளி எங்களுக்குப் போன் செய்தார். வாங்கிவிட்டுச் சொல்லாமல் முதலில் கேட்டது நல்லதாகப் போயிற்று. அது காந்தம் அல்ல, நேர்மின்னோட்டம். ஆராய்ச்சியில் பொதுவாக 2 மில்லி ஆம்பியர், இருபது நிமிடம், உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வழியே கொடுப்பார்கள். பஞ்சு காய்ந்தால் தோல் புண்ணாகும்; இடம் இரண்டு விரல் தள்ளினால் வேறு பகுதி தூண்டப்படும். நேர்மின்னோட்டத்துக்கு ஃபைப்ரோமயால்ஜியாவில் ஓரளவு ஆதாரம் உண்டு; வேர் பிய்ந்த வலிக்கு அவ்வளவு கிடையாது. விளம்பரத்தில் இருந்த பட்டையோ நெற்றியில் மாட்டுவது. இயக்கப் பகுதிக்கு அது எட்டவே எட்டாது. வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னோம். அவர் கேட்ட கேள்வி மட்டும் சரியானதுதான்: வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்க வழி என்ன?

அவர் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள மாவட்டத் தலைநகரில், தனியார் மனநல மருத்துவமனை ஒன்றில் கருவி இருப்பது தெரிந்தது. அங்கே வலிக்கு யாரும் செய்ததில்லை. இடக்குறி, அளவு, துடிப்பு எண்ணிக்கை, எப்போது கொடுக்கக்கூடாது என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, குறியிட்ட தொப்பியையும் கொடுத்தனுப்பினோம். அங்கிருந்த மருத்துவர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

ஷாக்குக்கு

ஷாக்குகள் அப்படியே இருந்தன. ஜப்பானின் ஒசாகா குழு 2011-ல் எழுதியது இங்கே பொருந்தியது: இதே காயத்தில், உள்ளே பதித்த மின்முனையால் இயக்கப் புறணியைத் தூண்டுவது தொடர் வலிக்கும், வேர் நுழையும் இடத்தை அழிக்கும் அறுவை சிகிச்சை திடீர் வலிக்கும் உதவியது. நோயாளிகள் சிலர்தான், கருவியும் வேறு. இருந்தாலும் எங்கள் நோட்டு அதையே சொன்னது.

அறுவை சிகிச்சைக்குக் கருத்துக் கேட்க அனுப்பிய அதே நேரத்தில் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கினோம். முகத்தில் ஷாக் பாயும் முக்கிளை நரம்பு வலிக்கு முதல் மருந்து அது. இங்கே அவ்வளவு ஆதாரம் இல்லை, முயன்று பார்ப்பதில் இழப்பும் அதிகமில்லை. தோல் தடிப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லி, ரத்தத்தில் சோடியம் அளவு பார்த்து, மெதுவாக ஏற்றினோம். 600 மி.கி.யில் ஷாக் நாளுக்கு 20 முதல் 25 ஆனது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. கார்பமசெபின் நரம்பு செல்களின் சோடியம் வாயில்களை அடைப்பதால், இயக்கப் பகுதி துடிப்பதற்கான அளவு உயரும். பழைய 38 சதவீதத்திலேயே தொடர்ந்தால் அவருக்குக் கிடைப்பது முன்பை விடக் குறைவான தூண்டல். மறுபடி அளந்தோம்: 48 இருந்த இடத்தில் 54. சிகிச்சை அளவை 43 ஆக மாற்றி, மாவட்ட மருத்துவருக்குப் புதிய கடிதம் போனது. எரிச்சல் அந்த மாதம் 5.5-க்கு ஏறியிருந்ததற்கு இதுவே காரணமா, தவறிய அமர்வுகள் காரணமா என்று பிரிக்க முடியவில்லை.

நரம்பியல் அறுவை நிபுணர், செய்யலாம், பலன் கிடைக்க வாய்ப்பு நல்லது என்றார். காலைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். நோயாளி ஒரு வாரம் வீட்டில் பேசிவிட்டு வந்து, "இப்போதைக்கு வேண்டாமுங்க. நடந்து வேலைக்குப் போறேன், அது போதுமுங்க" என்றார். வற்புறுத்தவில்லை. ஷாக் மறுபடி நாற்பதைத் தொட்டால் திரும்பப் பேசுவது என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டோம்.

இப்போதைய நிலை

மாவட்டத்திலேயே மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூண்டல். எரிச்சல் 4 முதல் 5. ஷாக் இருபது சொச்சம். தூக்கம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். ப்ரீகாபலின் 150 மி.கி.க்குக் குறைந்திருக்கிறது, கிறுகிறுப்பு இல்லை. குடி இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் அவரே சொன்னார், அந்த வாரங்களில் தூண்டலைத் தள்ளி வைத்தோம். வலிப்பு எதுவும் வரவில்லை. பட்டறையில் நூல் வரவு, பீஸ் அனுப்புவது இரண்டையும் அவரே பார்க்கிறார், கூலி கொஞ்சம் கூடியிருக்கிறது. வலி போய்விட்டதா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்கிறார்.

அடுத்த நோயாளிக்கு மாற்றியவை

வேர் பிய்ந்த வலியோடு வரும் எல்லோருக்கும் இப்போது முதல் நாளிலிருந்தே இரண்டு பத்தி நோட்டு. தூண்டல் நிபுணரையும் அறுவை நிபுணரையும் ஒருவருக்குப் பின் ஒருவராகப் பார்க்க அனுப்பாமல் ஒரே மாதத்தில் அனுப்புகிறோம். எந்த வலி மேலோங்கி இருக்கிறது என்பதைப் பொறுத்து எது முதலில் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். திடீர் வலியே முழுக்க முழுக்கப் பிரச்சினையாக இருப்பவரை இரண்டு வாரம் நகரத்தில் தங்கவைத்துத் தூண்டுவதற்கு இனி நான் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பராமரிப்புத் தூண்டல் எங்கே நடக்கும் என்பது முடிவாகாமல் முதல் சுற்றைத் தொடங்குவதில்லை. பலன் கிடைத்து, பிறகு பஸ் கட்டணத்தால் அதை இழப்பது நோயாளிக்குக் கிடைக்காமலே இருப்பதை விடக் கசப்பானது. பக்கத்தில் கருவி உள்ள இடங்களின் பட்டியலை மனநலப் பிரிவுதான் தயாரித்துக் கொடுத்தது.

மனநலப் பிரிவுக்கு அனுப்புவதற்கு முன்பே, கருவி ஏன் அங்கே இருக்கிறது என்பதை வலிப் பிரிவிலேயே சொல்லிவிடுகிறோம். தொழில்நுட்பர் முதல் சந்திப்பிலேயே குடும்பத்தில் ஒருவரின் கையில் ஒற்றைத் துடிப்பைக் காட்டுகிறார். எம்.ஆர்.ஐ. வழிநடத்தும் கருவிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. வலிப்பு மருந்து எதையாவது தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ அடுத்த அமர்வுக்கு முன் மறு அளவீடு கட்டாயம் என்ற வரி, மாவட்ட மருத்துவருக்குப் போகும் கடிதத்தில் இப்போது முதல் வரியாக இருக்கிறது.